வெள்ளைச் சேலையில் ஏறிய பச்சை

என் டைரியின் பின்பக்கத்தில் நிறங்களுக்கென்று பதினோரு தாள்கள் ஒதுக்கியிருக்கிறேன். சீனாவில் கல்யாணப் பெண்ணுக்குச் சிவப்பு, சாவு வீட்டுக்கு வெள்ளை. பழைய ஐரோப்பிய ஓவியங்களில் மாதாவின் மேலாடைக்கு நீலம். அந்த நீலத்தை அரைத்தெடுக்கும் கல் அவ்வளவு அரிது. பொறாமைக்கு மேல்நாட்டில் பச்சை என்கிறார்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடிந்ததில்லை. நமக்குப் பொறாமை என்றால் வயிற்றெரிச்சல். பச்சை, பழனிக்கு நடப்பவர்கள் கட்டுகிற நிறம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் ஞாயிறுதோறும் ஓவிய வகுப்பு. ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் நடத்துகிறார். நான்கு வருடங்களில் ஒரு வகுப்புகூட நான் தவறவிட்டதில்லை. சின்னாளபட்டியிலிருந்து வருகிற தையல்காரப் பெண் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் பலகைக்குப் பின்னால் மாஸ்டர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கைக்கடிகாரத்தில் பார்ப்பேன். எனக்கு இரண்டு நிமிடம் என்றால் அவளுக்கு ஏழு.

தை மாதம் நூலக வாசிப்பறையில் மாட்ட ஒரு படம் கேட்டார்கள். பழனி பாதயாத்திரை. ஒன்றுதான் போகும், மாஸ்டர்தான் தேர்ந்தெடுப்பார். நான் அளவெடுத்து இருபத்திரண்டு பேரை வரைந்தேன். அத்தனை பேருக்கும் ஒரே பச்சை. அவள் ஒரே ஒரு அம்மாளை, முதுகுப்பக்கம் மட்டும் வரைந்திருந்தாள். சேலை திட்டுத் திட்டாக வெளிறிய பச்சை. மடிப்புகளில் வெள்ளை எட்டிப் பார்த்தது. பார்த்ததும் என் படம் செத்துப்போனது எனக்குத் தெரிந்தது.

"அக்கா, எப்படிக்கா இருக்கு?"

"பச்சை பத்தலையே. வெளுத்த துணி மாதிரி இருக்கு. நல்லா அழுத்திப் போடு."

"எங்கம்மாதான்க்கா அது. அப்பா போனதுலருந்து வெள்ளைதான் கட்டும். மாலை போட்டா மட்டும் அந்த வெள்ளைச் சேலையவே சாயத்துல முக்கிக் கட்டிக்கும். ஊருக்கு வந்து துவைக்கத் துவைக்கத் திரும்ப வெள்ளையாயிரும்."

அதற்குப் பிறகாவது நான் வாயை மூடியிருக்கலாம். "அதெல்லாம் பாக்குறவங்களுக்கு எப்படித் தெரியும்? பச்சைன்னா பச்சையா இருக்கணும்" என்றேன்.

அவள் கெட்டியாகக் கரைத்துப் பூசினாள். வெள்ளை முழுவதும் மறைகிறவரை நான் பக்கத்திலேயே நின்றேன்.

மாஸ்டர் வந்து பார்த்தார். "ஏம்மா, போன வாரம் இருந்த பச்சை எங்க?"

"அக்காதான் சார் அழுத்திப் போடச் சொன்னாங்க."

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்.

இப்போது அது வாசிப்பறையில், பேப்பர் ஸ்டாண்டுக்கு மேலே தொங்குகிறது. அடுத்த ஞாயிறு அவள் எப்போதும்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மாட்ட படத்தக் காட்டுனேன்க்கா. 'இது யாரு சேல, கடையில வாங்குனதா?'ன்னு கேக்குது" என்று சிரித்தாள்.

"பழைய மாதிரியே இன்னொன்னு போட்டுப் பாரேன்."

"ரெண்டு தடவ போட்டுட்டேன்க்கா. வரல. மொத தடவ தண்ணி தெரியாம கூடிப்போயிருக்கு, அம்புட்டுத்தான்."

அன்று இரவு என் நிறத் தாள்களில் பச்சைக்கு நேராக அந்தச் சேலையைப் பற்றி எழுதினேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். நான் சொன்னதையும் எழுதினேன். என் படம் சுவரில் இருக்கிறது. எரிச்சல் தணியவில்லை. பிறகு இரண்டு தடவை போட்டும் வராத அந்தப் பச்சை, ஒரு தடவை அவளுக்குத்தானே வந்தது.