அருவிக்கரையில் ஒரு சேலை

பாலிடெக்னிக் கடைசி ஆண்டில் நானும் என் தோழி சரோஜாவும் கொல்லிமலை அருவிக்குப் போனோம். எலுமிச்சைச் சாதம், டார்ச், பஞ்சு, டிஞ்சர் எல்லாம் எடுத்துக்கொண்டோம், கயிறு எடுக்கவில்லை. பாறை வழுக்கி அவள் சுழலில் விழுந்துவிட்டாள். கரையில் நின்ற ஆண்கள் வெறுமனே கூச்சலிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பெண் தன் சேலையை உருவி வீசினாள். சரோஜா அதைப் பற்றிக்கொள்ள, அந்தப் பெண்ணும் நானுமாக இழுத்துக் கரையேற்றினோம்.

பாவாடையோடு நின்ற அந்தப் பெண்ணை அவள் கணவன் எல்லோர் முன்னும் அறைந்தான். "ஊரே பாக்க அவுத்துப் போட்டுட்டு நிக்கறயே, மானங்கெட்டவளே!"

"புள்ள சாகறதப் பாத்துட்டு நிக்கச் சொல்றீங்களா?" என்றபடி ஈரச் சேலையைச் சுற்றிக்கொண்டாள். பிறகு என்னிடம், "அது நடுங்குது பாரு சாமி, ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

சரோஜாவை நான் பத்திரமாக வீட்டில் சேர்த்தேன். அந்தப் பெண் அன்று அவனோடுதான் வீடு திரும்பியிருப்பாள். அதை நினைக்காமல் என்னால் இன்றும் இருக்க முடியவில்லை.