இரண்டாம் கண்ணில் நான் பார்த்தது

யாராவது நேராகக் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் வராது. தெரியாமல் இல்லை. தெரிந்த பதில் தொண்டை வரைக்கும் வந்து நின்றுவிடும். மண்ணூர்பேட்டையில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தபோதும் அப்படித்தான். வாத்தியார் எழுப்பிக் கேட்டால் மணி அடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருப்பேன். அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் மூட்டை தூக்கினேன். அங்கே மெஷின் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

எண்பதுகளின் நடுவில் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸிலிருந்து கார்டு வந்து, மெட்ராஸில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வயிற்று நோய்ப் பிரிவில், ஸ்கோப் போடும் அறையில் உதவியாள். வாடகை குறைவு என்று திருநின்றவூர் ஏரிப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டோம். தினமும் ரயிலில்தான் போக வர.

ஸ்கோப் என்பது விரல் கனத்தில் நீளமான கறுப்புக் குழாய். வாய் வழியாக இறக்கி, மேல் முனையில் கண்ணை வைத்துப் பார்த்தால் வயிற்றின் உட்புறம் தெரியும். எனக்கு அதில் இரண்டு வேலை. முடிந்ததும் குழாயைக் கழுவி மருந்துத் தண்ணீரில் ஊறவைப்பது ஒன்று. உள்ளே இருக்கும்போது நோயாளியின் தலையைப் பிடித்துக்கொள்வது இன்னொன்று. பல் குழாயில் படாதிருக்க, நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் வளையம் ஒன்றைப் பல்வரிசைகளுக்கு இடையில் வைப்போம். மவுத்பீஸ் என்று பெயர். அது நழுவாமல் கடைசி வரை பிடித்திருக்க வேண்டும். எச்சில் வழிந்தால் துடைக்க வேண்டும். பேச வேண்டியதில்லை. எங்கள் அறை ஆயா என்னைக் கிண்டல் செய்வாள்.

"இன்னா நைனா, மவுத்பீஸை பேஷண்ட்டுக்கு வெச்சியா, இல்ல நீயே வெச்சிகினியா?"

சிஸ்டர் சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பிரிவுக்குப் பக்கவாட்டில் பார்க்கும் ஸ்கோப் ஒன்று வந்தது. சாதாரணக் குழாய் நேராகப் பார்க்கும். இது குடலுக்குள் போய்ச் சுவரைப் பார்க்கும். அந்தச் சுவரில் பித்தம் வந்து விழுகிற சின்ன வாய் இருக்கிறது. அதற்குள் நூல் மாதிரி ஒரு குழாயை நுழைத்து, மருந்து ஏற்றி, எக்ஸ்ரேயில் கல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கேயே எடுத்துவிடலாம். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். மஞ்சள் காமாலையோடு வந்தவர் இரண்டு நாளில் வீட்டுக்குப் போவார்.

சொல்வதற்குத்தான் சுலபம். அந்த வாய்க்குள் நுழைவது அவ்வளவு கஷ்டம். வயிற்று நோய்ப் படிப்பை முழுசாக முடித்த டாக்டர்களே இதற்கென்று ஒரு வருடம் எங்கள் பிரிவின் தலைமை டாக்டரான சீஃப்பிடம் வந்து நிற்பார்கள். சீஃப் ஒரு முறை வைத்திருந்தார். ஸ்கோப்பின் கண்ணோடு இன்னொரு கண்ணை ஒரு வளையும் குழாயால் மாட்டலாம். ஒருவர் செய்வதை இன்னொருவர் அதில் பார்க்கலாம். அதை நாங்கள் இரண்டாம் கண் என்போம். கற்க வந்தவர் முதல் ஆறு மாதம் அந்த இரண்டாம் கண்ணில் மட்டும்தான் நிற்கலாம். அப்புறம்தான் ஸ்கோப் கைக்கு வரும். அப்போது சீஃப் இரண்டாம் கண்ணுக்குப் போவார். பித்த வாய்க்குள் நுழைந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், இரண்டாம் கண்ணில் இருந்தவரும் அதைச் சொல்ல வேண்டும். நோட்டில் இரண்டு பேரின் கையெழுத்தும் இருந்தால்தான் கணக்கு. ஒரு கண் பார்த்ததை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்.

அந்த ஒரு வருடத்துக்கு வந்தவர்களில் ஒருவர் தெற்கே ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர். அவருடைய அக்கா வீட்டுக்காரருக்கு ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவர்களோடு குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். காலையில் நான் திருநின்றவூரில் ஏறினால் அவர் ஆவடியில் ஏறுவார். முதல் நாள் என்னைப் பார்த்ததும் கூட்டத்தை இடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, நம்ம அறைதானே நீங்க? நல்லதாப் போச்சு. இந்த ரயில்ல எனக்கு ஒரு முகமும் தெரியல."

டாக்டர் ஒருவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் சீட்டு பிடித்து வைத்தால் உட்கார மாட்டார். "நீங்க நாள் பூரா நிக்கப்போறீங்க, உக்காருங்க" என்பார். அவர் பேசிக்கொண்டே வருவார், நான் கேட்டுக்கொண்டே வருவேன். அவர் ஊர்ப் பக்கம் பித்தப் பாதையில் கல் அடைத்தவர்கள் ராத்திரி பஸ் பிடித்து மெட்ராஸ் வர வேண்டும். பாதிப் பேர் வருவதற்கு வசதி இல்லாமல் அங்கேயே கிடப்பார்கள். இவர் கற்றுக்கொண்டு போனால் அந்த ஆஸ்பத்திரிக்கு இந்த ஸ்கோப் வாங்கித்தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். தனியாகச் செய்யத் தகுதி உள்ளவர் என்று சீஃப் எழுதித்தர வேண்டும். அந்த ஒரு வரிக்குத்தான் வந்திருக்கிறேன் என்பார்.

ஒருநாள் அம்பத்தூர் தாண்டும்போது கேட்டார்.

"ஏண்ணே, இத்தனை வருசமா தலையைப் பிடிக்கிறீங்களே, உள்ள எப்பிடி இருக்கும்னு ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

"ஒரு தடவைகூடவா?"

"என்னாண்ட யாரும் பாருன்னு சொன்னதில்ல சார்."

"நான் காட்டுறேன்" என்றார்.

அவருக்கு வருடம் முடிய இரண்டு மாதம் இருந்தது. நோட்டில் அவர் பெயரில் இன்னும் ஒரு கணக்கும் ஏறவில்லை. பூந்தமல்லியிலிருந்து ஒரு பூக்காரம்மாவைக் கொண்டுவந்தார்கள். கண் இரண்டும் மஞ்சள். சீஃப் ஆவடி டாக்டரிடம் ஸ்கோப்பைக் கொடுத்துவிட்டு இரண்டாம் கண்ணில் நின்றார். அன்றைக்கு உடன் படிக்கும் இன்னொரு டாக்டர் லீவு. குழாய் குடலுக்குள் இறங்கும்போது டீன் ஆபீஸிலிருந்து போன் வந்தது.

"பித்த வாய் வரைக்கும் போய் நில்லு. ரெண்டு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டு சீஃப் போனார்.

இவர் போய் நின்றார். இரண்டு நிமிஷம் ஐந்தானது. சிஸ்டர் எக்ஸ்ரே திரைப் பக்கம் முதுகு காட்டி மருந்து ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தார். நான் இடது கையால் மவுத்பீஸைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

"அண்ணே" என்றார் மெதுவாக. "வாய் நேரா எதிர்க்க நிக்குதுண்ணே. இப்படி ஒரு நாளும் நின்னதில்ல. இப்ப விட்டா நகந்துரும். அந்தக் கண்ணுக்கு வாங்க. பாத்த மாதிரியும் ஆச்சு, எனக்கு ஒரு சாட்சியும் ஆச்சு."

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வராது. அதோடு, எனக்கும் ஆசை இருந்தது. உடம்பைச் சாய்த்துக் கண்ணை வைத்தேன்.

இளஞ்சிவப்பாக ஈரத்தோடு ஒரு சுவர். மடிப்பு மடிப்பாக அது மூச்சு விட்டது. நடுவில் ஒரு சின்ன மேடு, அதன் நுனியில் கடுகு அளவு வாய். நூல் மாதிரிக் குழாய் வந்து அதைத் தொட்டது, வழுக்கியது, மறுபடி தொட்டது. பிறகு உள்ளே போனது. போனதும் அதன் ஓரத்திலிருந்து கரும்பச்சையாகப் பித்தம் பீறிட்டு வந்தது. எத்தனை நாள் அடைபட்டுக் கிடந்ததோ, அவ்வளவு வந்தது. ஒரு மனுஷிக்குள் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு எந்த நினைப்பும் எனக்கு இல்லை. கை இருப்பதே மறந்துவிட்டது.

பூக்காரம்மாவுக்குக் குமட்டியது. நாக்கு வளையத்தைத் தள்ளியது. என் விரல்கள் தளர்ந்திருந்தன. வளையம் வெளியே வந்தது, பல் மூடியது. என் கண் முன்னால் அந்தச் சிவப்பின் மேல் கறுப்புப் புள்ளிகள் கொத்தாக விழுந்தன.

அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. குழாய்க்குள் இருக்கும் கண்ணாடி இழைகள் ஒவ்வொன்றும் உடைந்தால் ஒவ்வொரு புள்ளி. நானும் சிஸ்டரும் தாடையைத் திறந்து பிடித்தோம், அவர் குழாயை வெளியே எடுத்தார். வெளியுறை கிழிந்து பல் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. பூக்காரம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சீஃப் வந்து நின்றார்.

"யாருப்பா ஸ்கோப் பிடிச்சிருந்தது?"

"நான்தான் சார்."

"மவுத்பீஸ் நழுவுறதைப் பாக்கலையா?"

"கவனிக்கலை சார். என் தப்பு."

"உள்ள போனியா?"

"போனேன் சார். பித்தம் வந்தது."

"நான் நிக்கச் சொன்னேன். சரி, ரெண்டாம் கண்ணுல யாரு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட சீஃப்புக்குப் புரிந்திருக்கும். அதற்காகவே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு அடி தள்ளி அந்த வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் பார்த்தேன் சார், என் கைதான் விட்டது சார் என்று சொல்ல வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது.

"யாரும் இல்ல சார்" என்றார் அவர்.

"அப்ப போகலைன்னு அர்த்தம்" என்று சொல்லி சீஃப் நோட்டை மூடினார்.

பூக்காரம்மாவுக்கு வயிற்றைத் திறந்துதான் கல்லை எடுத்தார்கள். பிழைத்துப் போனாள், நீளமான தையலோடு. ஸ்கோப் ரிப்பேருக்குப் பம்பாய் போனது. பக்கவாட்டில் பார்ப்பது எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது. அவர் மிச்சம் இருந்த நாட்களைச் சாதாரணக் குழாயோடு கழித்தார். சீஃப் என்ன எழுதிக் கொடுத்தார் என்று சிஸ்டர்தான் சொன்னார்: உடனிருந்து நன்றாகக் கற்றுக்கொண்டார் என்று. தனியாகச் செய்வார் என்ற வரி இல்லை. சீஃப் அநியாயக்காரர் அல்ல. அவர் முறைப்படி இரண்டாவது ஆள் பார்க்காததை எழுத முடியாது. பார்த்த இரண்டாவது ஆளான நான் அறைக்கு வெளியே ஸ்கோப் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஸ்கோப் உடைந்த மறுநாளிலிருந்து நான் ஒரு ரயில் முன்னதாகப் போக ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரி கேட்டாள்.

"இன்னாத்துக்கு இம்மாம் சீக்கிரம் கெளம்பற? சோறுகூட வேகல."

"வேலை கீது."

"முன்னாடிலாம் இல்லாத வேலை இப்ப எங்கேர்ந்து வந்துச்சு? மூஞ்சியே சரியில்ல. யாராச்சும் இன்னாச்சும் சொன்னாங்களா?"

யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். அறையில் என்னைப் பார்த்தால் அந்த டாக்டர் எப்போதும்போல் தலையசைப்பார். நான் துணியைப் பிழிகிற மாதிரி குனிந்துகொள்வேன்.

அவர் ஊருக்குப் போகிற நாள். காலையில் திருநின்றவூர் ஸ்டேஷனுக்குப் போனால், பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஆவடியிலிருந்து எதிர்ப்பக்க ரயிலில் என்னைத் தேடி வந்திருக்கிறார். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"பயப்படாதீங்கண்ணே. இதை யார்ட்டயும் சொல்லப்போறதில்ல. எழுதவேண்டியதை அவரு எழுதிட்டாரு. எனக்காகத்தான் கேக்குறேன். ராத்திரி படுத்தா எனக்கே சந்தேகம் வருது, ஆசையில இல்லாததைப் பாத்துட்டேனோன்னு. அன்னிக்கு உள்ள போச்சுதானே? பித்தம் வந்துச்சுல்ல? நீங்க பாத்தீங்கல்ல?"

அவர் கேட்டது எத்தனை சின்னது என்று இப்போது தெரிகிறது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். ஆனால் பார்த்தேன் என்றால், பார்த்துக்கொண்டிருந்ததால்தான் கை விட்டது என்றும் ஆகிவிடும். அவர் முகத்துக்கு நேராக அதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. அவருக்கு அது முன்பே தெரியும் என்பதுகூட அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

"தெர்ல சார்" என்றேன். "ஒரே இருட்டா இருந்துச்சு. எனுக்கு ஒண்ணும் புரியல."

அவர் சரிண்ணே என்றார். ரயில் வந்தது. இரண்டு பேரும் ஏறினோம். ஆவடியில் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார். கூட்டத்தில் அவருடைய சட்டை தெரிகிற வரைக்கும் ஜன்னலில் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

அந்த மாவட்டத்துக்கு ஸ்கோப் போகவில்லை. வேறு எங்கோ போனதாகச் சிஸ்டர் சொன்னார். ராத்திரி பஸ்ஸில் மஞ்சள் கண்ணோடு அந்த ஊர் ஆட்கள் எங்கள் அறைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். ரிப்பேர் ஆகி வந்த குழாயில் அவர்களுக்குக் கல் எடுத்தோம். பலரிடம் அந்த டாக்டரின் கையெழுத்தில் கடிதம் இருக்கும். இங்கிலீஷில் இருக்கும், எனக்குப் படிக்கத் தெரியாது. கல் இன்ன இடத்தில் என்று அவர் எழுதியிருப்பது ஒருநாளும் தப்பியதில்லை என்று சீஃப்பே சொல்வார்.

சில வருடம் கழித்து அங்கிருந்து ஒரு பெரியவர் வந்தார். மேஜையில் படுக்கவைத்து, தொண்டைக்கு மருந்து அடித்துவிட்டு, நான் மவுத்பீஸை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க டாக்டர் சொல்லி அனுப்பிச்சாரு. அங்கன ஒரு அண்ணன் இருப்பாரு, ரொம்பப் பேச மாட்டாரு, அவரு தலையைப் பிடிச்சுக்கிட்டா ஒண்ணும் பயமில்லன்னாரு. அது நீங்கதானாய்யா?"

சீஃப் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"நான் இல்லீங்க" என்றேன். "அவரு வேற எடத்துக்கு மாறிப் போயிட்டாரு."

பெரியவர் சரி என்று சொல்லி, என் கையை விட்டுவிட்டு, வாயைத் திறந்தார்.