இரண்டு கார்களுக்கு ஒரே எண்

நான் எழுதிய வாக்கியத்தை நானே ஆங்கிலத்தில் படித்தது காரைக்குடிப் பேருந்து நிலையத்தில். தேவகோட்டை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கைபேசியில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஏலக் கம்பெனியின் பக்கம். பழைய இத்தாலியக் கார் ஒன்று, மிளகாய்ப்பழச் சிவப்பில், தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது. படத்துக்குக் கீழே அதன் கதை. 'கதவைத் திறந்தால் புளி வாசம் வருகிறது; தோல் இருக்கையில் ஒரு வீட்டின் சமையல் முழுக்க ஊறிக் கிடக்கிறது.' என் புளி, என் இருக்கை, என் சமையல். நடத்துநர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. நான் ஏறவில்லை.

அந்த வரியை நான் ஒரே ஒருவனுக்குத்தான் அனுப்பியிருந்தேன்.

நாங்கள் இருவரும் இத்தாலியக் கார் வாங்கக்கூடிய ஆட்கள் இல்லை. என்னிடம் இருப்பது இருமுகிற ஸ்கூட்டர். அவன் தேவகோட்டையில் பல் டாக்டர். ஆனாலும் உலகமெங்கும் சிதறிக் கிடக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தோம். அந்தக் காலத்தில் கையால் செய்த அதிவேகக் கார்களின் தடத்தைத் தேடுவது அங்கே எல்லோருக்கும் வேலை. ஏதோ ஒரு மாடலை அல்ல, அந்த ஒற்றைக் காரை. யார் வாங்கினார், எந்த மழையில் எந்த மரத்தில் மோதியது, யார் விற்றுவிட்டு அழுதார், இப்போது எங்கே தூங்குகிறது. ஜாதகம் கணிப்பதுபோலத்தான்.

ஜாதகத்துக்கு ஆதாரம் சேசிஸ் என்கிற அடிச்சட்ட இரும்பில் அடித்த எண். ஒரு காருக்கு ஒன்று. இன்னொன்றுக்கு அது வராது. குழுவில் படம் போடும்போது கடைசி இலக்கங்களைப் பெருவிரலால் மறைத்துக்கொள்வோம். முழு எண் வெளியே போனால் எவனாவது அதை வேறொரு இரும்பில் அடித்துவிடுவான் என்ற பயம். இந்த வழக்கத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதோடு தடம் அற்றுப்போன கார் ஒன்று இருந்தது. அதைக் கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டின் சாப்பாட்டுக் கூடத்தில், சுவரில் மாட்டிய புகைப்படத்தில் பார்த்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர். அந்த வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்திவந்த பெண்மணி அவருடைய ஒரே மகள். என் வயதுதான் இருக்கும். அந்த மாதிரிப் பெரிய வீட்டுப் பெண்களை வயது பார்க்காமல் ஆச்சி என்றே கூப்பிடுவது இங்கே பழக்கம்.

"இதையா இம்புட்டு நாளாத் தேடுனீக? பின்னாடிக் கொட்டகையிலதான் கெடக்கு. அதுக்கு மேல வத்தல் மூட்டையில்ல வச்சிருக்கேன்!"

மறுவாரம் நண்பனையும் அழைத்துப் போனேன். மூட்டைகளை இறக்கினோம். உள்ளே இருக்கையில் புளிப் பானை உட்கார்ந்திருந்தது, முதலாளிபோல. ஆச்சி கதவோரம் நின்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்: "மொதத் தடவ அரியக்குடிக் கோயிலுக்குத்தான் பூசை போடக் கொண்டுபோனாக எங்க அப்பச்சி. வழியில ஒரு மேட்டுல அடிவயிறு தட்டி நின்னு போச்சு. அப்பச்சி எறங்கி, மாட்டத் தடவுற மாதிரி அதத் தடவிக் குடுத்தாகளாம். ஊரே சிரிச்சுச்சாம்."

நண்பன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தான், வண்டிப் பதிவு அலுவலகத்தில் தேய்ப்பார்களே, அப்படி. சாம்பல் நிறத்தில் எண்கள் எழுந்து வந்தன. நடுவில் ஓர் ஏழு, குடித்தவன்போலச் சாய்ந்து பக்கத்து எண்ணைத் தோளால் இடித்துக்கொண்டு. யாரோ ஒரு இத்தாலியத் தொழிலாளியின் கை அந்த நொடியில் வழுக்கியிருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கியது. அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

ஆச்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஊர்ப் பேர வெளிய விட்றாதீக. பழைய தூண வெலைக்குக் கேட்டு ஒருத்தரு, கதவக் கேட்டு ஒருத்தருன்னு வாசல்ல நின்னு பதில் சொல்லியே ஓஞ்சு போனேன். காரைக் கேட்டும் வர வேணாம். நானாச் சொல்லும்போது எங்க அப்பச்சி பேரோட போடுங்க."

"ஆச்சி, ஒங்க வீட்டுல கை நனைச்சுட்டு மாத்திப் பேசுவமா?" என்றான் அவன். கவுனி அரிசி இனிப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இப்போது ஏலப் பக்கத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பளபளக்கும் புது இரும்பில் அதே எண். அதே ஏழு, அதே சாய்வு, அதே தோள் இடி. 'கீழச்சிவல்பட்டி மாளிகையிலிருந்து மீட்கப்பட்டது' என்றும் போட்டிருந்தார்கள்.

அடுத்த பஸ்ஸில் தேவகோட்டைக்குப் போனேன். அவன் கை கழுவிக்கொண்டிருந்தான். "வா மாப்ள, பல்லு வலியா?"

கைபேசியை நீட்டினேன். பார்த்தான். துண்டால் கையை நிதானமாகத் துடைத்தான்.

"அங்க ஒருத்தர் உதிரிய வச்சே முழு வண்டியக் கட்டிட்டாரு மாப்ள. எஞ்சின் எல்லாம் அசல். எண்ணு ஒண்ணுதான் இல்ல."

"அத நீ குடுத்துட்ட."

"இங்க கெடந்து அது என்னடா பண்ணுது? வத்தல் மூட்டை சொமக்குது. அங்க ஓடுது. இந்தா, சத்தத்தக் கேளு." வீடியோவைப் போட்டான். எஞ்சின் பாடியது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"ஆச்சிகிட்ட என்னடா சொன்ன அன்னைக்கு?"

"அவுக இதெல்லாம் எங்க பாக்கப் போறாக?"

"என் வரிய எதுக்குடா எடுத்த?"

சிரித்தான். "ஒன் கவிதைய இங்க யாருடா படிச்சா? இப்ப ஒலகமே படிக்குது. சந்தோசப்படு."

சுவரில் புதிதாக ஒரு படம். அந்தச் சிவப்புக் காரின் பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறான். குடும்பத்தோடு வெளிநாடு சுற்றப் போவதாகத்தான் என்னிடம் சொல்லியிருந்தான். திரும்பி வந்து எனக்குச் சாக்லேட் கொடுத்தான். நானும் தின்றேன்.

"மேடையில பேரச் சொல்லிக் கூப்பிட்டாகடா என்னைய," என்றான். குரல் திடீரென்று சின்னதாகிவிட்டது. அதற்காகத்தான் எல்லாம்.

மறுநாள் ஆச்சியிடம் சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "மீட்டாகளா? எப்ப? நான் வீட்டுலதான இருந்தேன்!" பிறகு கொட்டகைக்கு நடந்தார். மூட்டைகளை இறக்கிய பிறகு காரின் மேல் போர்த்திவைத்த போர்வையை விலக்கினார். கார் இருந்தது. துரு இருந்தது. பானையும் இருந்தது.

"அப்ப எங்க அப்பச்சி ஓட்டுனது?"

"இதுதான் ஆச்சி. இதுதான் அசல்."

"அவுக நம்புவாகளா?"

ஏலக்காரர்களுக்கும் குழுவில் கார்ப் பதிவேட்டை வைத்திருப்பவருக்கும் எழுதலாம் என்றேன். எஞ்சின் எண், கியர்பெட்டி எண், வண்டியின் உடம்பில் அடித்த எண், எல்லாவற்றையும் மறைக்காமல் படமெடுத்து அனுப்பவேண்டும். ஆட்கள் வந்து சுரண்டிப் பார்ப்பார்கள்.

"அனுப்புனா அதையும் பாத்து அடிச்சுக்கிருவாகளா?"

கைபேசியைப் பைக்குள் போட்டேன்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. சட்டையை உள்ளே விட்ட இருவர், கையில் கைபேசி. வெளிநாட்டுக் கார் கிளம்பிய வீடு இதுதானா, இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆச்சி அவர்களைத் திண்ணை தாண்ட விடாமல் திருப்பி அனுப்பிவிட்டு வந்தார். மூச்சு வாங்கியது.

"நீங்க ஒண்ணு எழுதுங்க. இங்குட்டுக் காரே இல்லன்னு எழுதுங்க."

"ஆச்சி, அப்படி எழுதுனா அந்தக் கார்தான் அசல்னு ஆயிரும். அப்பச்சி பேரு—"

"தெரியும். எழுதுங்க."

எனக்கு எழுதத் தெரிந்த மொழியெல்லாம் அந்த நேரத்தில் வெறுத்துப்போனது. கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு ஆங்கிலத்தில் தட்டினேன்: 'கீழச்சிவல்பட்டி வீட்டை நேரில் பார்த்தேன். இப்போது அங்கே கார் எதுவும் இல்லை.' ஆச்சி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். தலையாட்டினார். குழுவில் போட்டேன்.

எழுத்தின் கீழே உடனே ஒரு சிவப்பு இதயம் தோன்றியது. அவன் போட்டது.

ஆச்சி போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுமுனையை நான் பிடித்தேன். மூடினோம்.