மகள் முகத்தில் எழுதிய காவி

என் வீட்டுக்காரருக்கு ஊரில் பெரிய பெயர். நெற்பயிரின் இலையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். "துருப் புடிச்சாப்புல இருக்குல்ல? ஜிங்க் பத்தல. ஜிங்க் சல்பேட்டை மணலோட கலந்து தூவு" என்பார். வாட்ஸப்பில்கூட இலைப் படம் அனுப்பிக் கேட்பார்கள். அந்த மேதைக்குத்தான் நான் வாக்கப்பட்டேன்.

மகளுக்குத் தாய்ப்பால் மறக்கடித்ததும் வயிற்றுப்போக்கு பிடித்தது, வாரக்கணக்கில் நின்றபாடில்லை. பிறகு வாயைச் சுற்றிச் சிவந்து, வெடித்து, பொருக்குத் தட்டியது. அடுத்து பிட்டம், விரல்கள். முடி கொத்தாகக் கையோடு வந்தது. மேதை வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"அக்கிதான். காவி எழுதினாப் போயிரும்."

பக்கத்தில் தேவாரம் என்ற ஊரில் அக்கிக்கு எழுதும் குயவர் ஒருவர் இருந்தார். செங்காவியைக் குழைத்துப் புண்ணின் மேல் பூசி எழுதுவார். இரண்டு நாள் எழுதினார். பிள்ளை அலறியது. நான் அதன் கையைக் காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் குயவரே காவிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "ஆத்தா, அக்கி ஒரு பக்கமாத்தேன் வரும். இது ரெண்டு பக்கமும் வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ."

"ஒமக்குத் தொழில் மறந்துபோச்சுய்யா" என்று என் வீட்டுக்காரர் அவரிடமே எகிறினார். வெட்கங்கெட்ட மனிதர். நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தேனி பஸ் ஏறினேன். வீட்டுக்காரரும் முனகிக்கொண்டே பின்னால் ஏறினார்.

டாக்டரம்மா ஈரப் பஞ்சால் காவியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா சாப்பாடு குடுத்தீங்க?"

"வயித்தால போகுதேன்னு வெறும் கஞ்சித்தண்ணிதான்."

"போனது போக, உள்ளயும் ஒண்ணும் சேரல. உடம்புல ஜிங்க் குறைஞ்சுபோச்சு. அதான் தோல் இப்படி வெடிக்குது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா புள்ள கையில தங்கியிருக்காது."

ஜிங்க்! மேதை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மருந்து கொடுத்த நாலைந்து நாளில் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் தெரிந்தது. அன்று சாயந்திரம் பக்கத்து வயல்காரர் இலையோடு வந்தார். "அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்கண்ணே."

இவர் ஒன்றுமே நடக்காததுபோல் கையை நீட்டினார். இலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு மகளை அவர் மடியில் உட்கார வைத்தேன்.

"மொதல்ல இவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

வந்தவர் நழுவிவிட்டார். இவர் அப்போதுதான் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார். புதுத்தோலை விரலால் தொட்டுப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.