என் அழுகைக்குச் சிரித்த ஊர்

‘ஜனங்கள் நன்றாக ரசித்தார்கள்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஜனங்கள் ரசித்ததை அவர்கள் எதிரில் நின்று பார்த்தவன் நான்.

படங்கள் வாய் திறந்து பேசாத காலம் அது. மயிலாப்பூரில் ஒரு தகரக் கொட்டகையில், திரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, படத்துக்குப் பேசுவது என் பிழைப்பு. இங்கிலீஷ் எழுத்து வந்தால் தமிழில் சொல்ல வேண்டும். ராஜா வந்தால் ராஜா குரல், ராணி வந்தால் ராணி குரல், குதிரை வந்தால் நாக்கைச் சொடுக்க வேண்டும். மணலில் உட்கார்ந்திருக்கும் தரை டிக்கெட்டுக்காரர்களுக்குப் படிக்கத் தெரியாது. நாற்காலிக்காரர்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒரு நிமிஷம் இருமினால் அவர்கள்தான் முதலில் கத்துவார்கள்.

அந்த வாரம் ஒரு சீமைப் படம் வந்தது. ஓர் ஊருக்குப் புதிதாக ஒருவன் வருகிறான். எந்த வீட்டிலும் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. ஒருநாள் ஒரு சாவு வீட்டுக் கூட்டத்தில் சேர்ந்து அழுகிறான். அங்கே அவன் தோளில் கை போடுகிறார்கள், உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள். மறுநாள் பழையபடி யாரோ எவனோ. சரி என்று எங்கே சாவு விழுந்தாலும் போய் அழ ஆரம்பிக்கிறான். பிறகு யாருமே சாகாத ஒரு மாதம் வருகிறது. பசி பொறுக்காமல் ஒரு கிழவியின் கஞ்சியில் எதையோ கலந்துவிடுகிறான். அதற்குப் பிறகு அவனுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. கடைசியில் அவனே செத்துக் கிடக்கிறான். ஊர் முழுக்க வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகிறது, ஒருவரும் அழவில்லை.

முதலாளி அதைச் சிரிப்புப் படம் என்று வாங்கி வந்திருந்தார். நடுநடுவே சிரிப்பும் இருந்ததுதான். ஆனால் எனக்கு அது என் கதையாகத்தான் தெரிந்தது. நானும் வட ஆர்க்காட்டிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவன். கால்வாய் ஓரத் தெருவில் அறை கேட்டுப் பன்னிரண்டு கதவைத் தட்டியவன். பதின்மூன்றாவது கதவைத் திறந்தவர் கால்வாயில் விறகுத் தோணி தள்ளுகிற ஒருவர். என் ஊரைக் கேட்கவில்லை, சாதியைக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் எனக்கு மாமா, அவர் மனைவி அக்கா. அந்தத் தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் நான் வெறும் கொட்டகைக்காரன். அந்த ஒரு வீடு போனால் இந்தப் பட்டணத்தில் எனக்கு வேறு வீடு கிடையாது.

ஆகவே படத்தில் அவன் அழும் இடத்தை உண்மையாக அழுதுவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் தெருச் சாவுகளில் பெண்கள் வைக்கும் ஒப்பாரியை அப்படியே எடுத்தேன். ‘நான் யாருமில்லா ஒத்த மரம், எனக்கு யாரிருக்கா இந்த ஊரில்’ என்று அடித்தொண்டையிலிருந்து இழுத்தேன். கூட்டம் உருகும் என்று நினைத்தேன். கொட்டகை இடிந்து விழும்படி சிரித்தார்கள். கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரன் கால்வாய் ஓரத்து ஒப்பாரி வைத்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள் என்று இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. மறுநாள் இன்னும் உருக்கமாக அழுதேன், இன்னும் உரக்கச் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ‘இன்னொரு தபா’ என்று குரல் வந்தது. செவிடன் காதில் சங்கு ஊதுவது இதைவிட மேல், அவனாவது சும்மா இருப்பான்.

கஞ்சியில் விஷம் கலக்கும் இடத்தில் மட்டும் சிரிப்பு நின்றது. நின்றதோடு விட்டார்களா? திரையை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்கள். பாவி, உருப்படுவியா என்று என் பக்கம் மணலை வாரி இறைத்தார்கள். நாற்காலியில் இருந்த வக்கீல் ஒருவர் படம் முடிந்து வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

“விஷம் வைக்கறதுக்குப் பாடம் நடத்தறீரா ஓய்? ஆத்துப் பொம்மனாட்டிகள்லாம் பார்த்துண்டிருக்கா.”

மறுநாள் அதே வக்கீல் அதே நாற்காலியில், மச்சினியையும் அழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதெல்லாம் கொட்டகையோடு போயிருந்தால் பரவாயில்லை. தெருக்குழாயடியில் நான் போனதும் பெண்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு, அந்தக் கிழவியை ஏன் கொன்றேன் என்று நிஜமாகவே கேட்டாள். நான் கொல்லவில்லை, படத்தில் இருப்பவனுக்குக் குரல் மட்டும்தான் கொடுத்தேன் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன்.

“வாய் உன்துதானே?” என்றாள்.

அந்த வாரத்திலேயே மாமா காய்ச்சலில் படுத்தார். தெருவுக்குச் சொல்லவா வேண்டும்? இவன் எந்த வீட்டில் சாப்பிடுகிறானோ அந்த வீட்டில்தான் சாவு விழும் என்று என் காதுபடவே பேசினார்கள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு எப்போதும்போல் தட்டு வைத்தாள். நான்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

முதலாளியிடம் போய், ஒப்பாரியை விட்டுவிடுகிறேன், கதையை மட்டும் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஜனம் வருவதே அதற்குத்தான், இன்னும் இரண்டு நாள் அழுதுவிட்டுப் போ என்றார். பெட்டியைவிட்டு இறங்கி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. மாமா முனகிக்கொண்டு கிடக்க, நான் போய் அழுதேன், கூட்டம் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனது. அந்தக் கோபம் எனக்கு என்மேல் இன்னும் தீரவில்லை.

மறுநாள் காலை மாமா போய்விட்டார்.

வாசலில் பந்தல் போட்டு, பறை கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே நுழைந்தபோது பெண்கள் விலகிக்கொண்டார்கள். அதைக்கூடக் கவனிக்கவில்லை. மாமாவின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். தோணிக் கழி பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து அழுதேன். ஆனால் வந்தது அதே குரல், அதே இழுப்பு. ‘எனக்கு யாரிருக்கா இந்த ஊரில்’ என்றுதான் வந்தது. ஒரு வாரமாக அழுது அழுது வேறு அழுகை எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

பந்தல் காலோரம் ஒருவன் குபுக்கென்று சிரித்தான். அவனை அதட்ட வந்தவனும் சிரித்துவிட்டான். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள், தோள்கள் குலுங்கின. பறைக்காரர் கையைத் தூக்கியவர் தூக்கியபடி நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. நிஜமாக அழுகிறேன், நிஜமாக அழுகிறேன் என்று சொல்லப் பார்த்தேன். அதுவும் ராகமாகத்தான் வந்தது.

அக்கா மாமாவின் மார்பிலிருந்து தலையைத் தூக்கினாள். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“நீ அய்வாத தம்பி. ஜனம் சிரிக்குது.”

துண்டைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு, பாடைக்குப் பின்னால் கடைசி ஆளாகச் சுடுகாடுவரை போனேன். அந்தச் சாவில் அழாதவன் நான் ஒருவன்தான்.