பூ வைக்காத படம்

எங்கள் வீட்டில் படங்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு. செத்தவர்கள் சுவரில். இருப்பவர்கள் தொலைக்காட்சிக்குப் பக்கத்துத் தட்டில். சுவரில் என் அப்பாவும் அம்மாவும் பிளாஸ்டிக் மாலையோடு தொங்குகிறார்கள். மாலைக்குக் கீழே சின்னச் சிவப்பு மின்குமிழ் எரிகிறது. தட்டில் எங்கள் கலியாணப் படம், மகள் கோயிலில் முதல்நன்மை வாங்கிய படம், பள்ளி முடித்த நாளில் அவள் வெள்ளைத் தொப்பியோடு எடுத்த படம். அவற்றுக்கு நடுவே என் தம்பி. மெல்லிய மீசை, கட்டம்போட்ட சட்டை, படம் பிடிக்கிறவனை நக்கலடிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

அவன் தட்டில் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் போர் முடிந்த கிழமையில் அவன் ஒரு பஸ்ஸில் ஏறியதைக் கண்டதாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். எந்த பஸ், எங்கே போனது, யாருக்கும் தெரியாது. அதன்பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அம்மா மன்னாரில் கண்ணை மூடும் முன் தொலைபேசியில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பிள்ளை, அவன்ர படத்துக்கு ஆரும் பூ வைக்க விட்டிடாதை."

நான் ஓம் என்றேன். எங்கள் ஆட்களிடம் படத்துக்குப் பூ வைப்பதென்றால் ஆள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது.

இங்கே டென்மார்க்கில் மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களுக்குத் தமிழ்ப் பூசை நடக்கும். ஒவ்வொரு முறையும் தம்பிக்காக ஒரு கருத்து, பூசைக்கான வேண்டுதல், எழுதிக் கொடுப்பேன். பூசை தொடங்கும் முன் சுவாமியார் கருத்துகளைச் சத்தமாக வாசிப்பார். இருப்பவர்களின் பெயர்களை வாசித்து "உடல் உள நலத்துக்காக" என்பார். இருப்பவர்களின் பெயர்களை வாசித்து "உடல் உள நலத்துக்காக" என்பார். தம்பியின் பெயர் எப்போதும் நலத்தில்தான் வரும். அந்த நேரத்தில் முன்வரிசை வாங்கில் இருக்கிற சிலரின் கழுத்து மெல்லத் திரும்பும். நான் முறைத்தால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். புரட்டட்டும்.

இப்படி இருந்த வீட்டுக்குள்தான் மெக்சிக்கோ வந்தது.

மகளைச் சின்ன வயதில் பரதத்துக்கு அனுப்பினேன். அரைமண்டியில் நில் என்றால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் சலங்கையைக் கழற்றிவைத்து, இனி வரமாட்டேன் என்றாள். ஆட்டம் அவளுக்கு எழுதவில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு ஹொல்ஸ்டெப்ரோ நகரில் தாதிப் படிப்புக்குப் போனவள், அங்கே ஒரு மெக்சிக்கோ நாட்டுப்புற ஆட்டக் குழுவில் சேர்ந்துவிட்டு வந்து நிற்கிறாள். டேனிஷ்காரனைக் கலியாணம் செய்த மெக்சிக்கோப் பெண் ஒருத்தி நடத்துகிற குழு. அதில் மெக்சிக்கோக்காரர் மூன்று நாலு பேர்தான். மற்றவர்கள் டேனிஷ் பிள்ளைகள், ஒரு போலந்துப் பெண், என் மகள்.

"எங்கட ஆட்டம் காலுக்கு ஏறேல்ல, இது ஏறுதோ?" என்று கேட்டேன்.

மகள் டேனிஷில், இங்கே சப்பாத்துப் போட்டு ஆடலாம் என்றாள். அந்தச் சப்பாத்தின் அடியில் ஆணிகள் அடித்திருந்தார்கள். எங்கள் மரத்தரையில் அவள் பழகத் தொடங்கியதும் கீழ்வீட்டு மனிசன் கூட்டுகிற தும்புக்கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடித்தான். அவன் இடிக்கிற தாளத்துக்கு இவள் இன்னும் ஆடுவாள்.

பாவாடைதான் என்னை இழுத்துப் போட்டது. இக்காஸ்ட் நகரில் தையல் ஆலை மூடும்வரை அங்கேதான் வேலை செய்தேன். இப்போது முதியோர் இல்லத்தில். ஒருநாள் மகள் விளிம்பு கிழிந்த பாவாடையொன்றைக் கொண்டுவந்தாள். முழு வட்டமாக வெட்டிய துணி, அதில் வரிசை வரிசையாகப் பல நிறத்தில் நாடா. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து வீசினால் அறை முழுக்க நிறம் சுழலும். ஆனால் யாரோ நாடாவை இழுத்துத் தைத்துத் துணியைச் சுருக்கி வைத்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. முழுவதையும் பிரித்துத் திருப்பித் தைத்தேன். அடுத்த கிழமை ஆட்டக் குழுவின் எல்லாப் பாவாடைகளும் பைகளில் வந்து சேர்ந்தன. அவற்றோடு அந்த மெக்சிக்கோக்காரியும் வந்தாள். எங்களுக்குப் பொதுவாக இருந்தது டேனிஷ். அவளும் பிழையாகக் கதைப்பாள், நானும் பிழையாகக் கதைப்பேன். ஆனபடியால் நன்றாக விளங்கியது.

அந்த வருடம் நவம்பர், எங்கள் கணக்கில் கார்த்திகை, பிறந்ததும் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். அவர்கள் நாட்டில் அந்த நாட்களில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். மேசை வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, அவர்களுக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைத்து, படத்தையும் வைப்பார்களாம். மண்டப வாசலில் அப்படியொரு மேசை வைக்கப்போகிறோம், பூ வேண்டும் என்றாள் அந்த மெக்சிக்கோக்காரி. டென்மார்க் குளிரில் செவ்வந்திக்கு எங்கே போவது? செம்மஞ்சள் கடதாசியை மடித்து, நடுவில் கம்பி கட்டி, ஒவ்வொரு மடிப்பாக மேலே இழுத்தால் பூ வந்துவிடும். அவளும் மகளும் நானும் என் வரவேற்பறையில் குந்தியிருந்து பெட்டி பெட்டியாகச் செய்தோம்.

"நாங்களும் இந்த மாசம் ஆத்துமாக்களுக்குத் திரி கொளுத்துவோம். ஆனால் சேமக்காலைக்குப் போய், கல்லறையில்தான். நீங்கள் வீட்டுக்கே கூப்பிடுகிறீர்கள்" என்றேன்.

"கூப்பிட்டால் போதாது. வாசலிலிருந்து மேசைவரை பூப் போடவேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்கு வழி தெரியாது" என்றாள்.

மகள் பூ மடிப்பதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். எனக்கு அது ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

நிகழ்ச்சி ஒரு சனிக்கிழமை பின்னேரம். நானும் என் மனிசனும் பிந்திப் போனோம். கார் நிறுத்த இடம் தேடி, பக்கவாசலால் ஓடி, விளக்கு அணைந்த பிறகுதான் இருக்கையைப் பிடித்தோம். என் பாவாடைகள் மேடையில் விரிந்தன. ஒரு சுருக்கமும் இல்லை. வயலினும் கித்தாரும் வேகம் பிடிக்க, பலகை மேடையில் ஆணிச் சப்பாத்துகள் இடிக்க, பக்கத்திலிருந்த டேனிஷ் கிழவி கைதட்டிக் களைத்துப் போனாள். நான் ஆட்டத்தைவிட விளிம்புகளைத்தான் பார்த்தேன்.

இடைவேளைக்கு முன் கிழவர் ஆட்டம் வந்தது. வாலிபர்கள் கிழவர் முகமூடி போட்டு ஆடுகிற ஆட்டம். சிவந்த கன்னம், பல்லில்லாச் சிரிப்பு, நார்முடி, நாடா தொங்குகிற தொப்பி, கையில் பொல்லு. கூனிக் கூனி வந்து, இருமி, முதுகைப் பிடித்து, விழப்போவதுபோல் தடுமாறி, திடீரென்று கால் மட்டும் இருபது வயதுக்காரன் கால்போலப் பறக்கும். மண்டபம் சிரித்தது. கிழவர்களோடுதான் என் பிழைப்பு. அவர்கள் கதிரையிலிருந்து எழும்புகிற விதம் எனக்கு அத்துப்படி. மூன்றாவது கிழவர் எழும்பமுதல் முழங்காலை இரண்டு தரம் தடவினார். அது எங்கள் இல்லத்து மனிசர் ஒருவரின் பழக்கம். நான் வீட்டில் செய்து காட்டிச் சிரித்தது. அது என் மகள்.

அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்குத் திடீரென்று தம்பி நினைவு வந்தது. இத்தனை வருடமாக என் மனதில் அவனுக்கு வயது போகவில்லை. அதே மீசை, அதே கட்டம்போட்ட சட்டை. கணக்குப் பார்த்தால் அவன் ஐம்பதை நெருங்கியிருப்பான். தலை நரைத்திருக்கும். அப்பாவைப் போல முன்பக்கம் மொட்டை விழுந்திருக்கும். இன்னும் கொஞ்சக் காலத்தில் அவனும் இப்படித்தான் பொல்லை ஊன்றிக்கொண்டு, அப்போதும் நக்கலடித்துக்கொண்டு நடப்பான். முதல்முறையாக அவனைக் கிழவனாகக் கண்டேன். அவ்வளவு சந்தோசமாக இருந்தது. எங்கேயோ ஒரு இடத்தில் அவனுக்கு வயது போய்க்கொண்டு இருக்கிறது என்று நம்ப எனக்கு அந்த ஆட்டமே போதுமாக இருந்தது.

விளக்குப் போட்டதும், என் பூக்களைப் பார்ப்போம் என்று முன்வாசலுக்குப் போனேன். மனிசன் பின்னாலேயே வந்து, "இஞ்சரும், கோப்பி குடிப்பம், இந்தப் பக்கம் வாரும்" என்று கையைப் பிடித்தார். கையை உதறிவிட்டு நடந்தேன்.

வாசலிலிருந்து மேசைவரை செம்மஞ்சள் பூக்கள். படிபடியாக அடுக்கிய மேசையில் பாண், பழங்கள், திரிகள், யார் யாரோ கிழவர் கிழவிகளின் படங்கள். இரண்டாவது படியில் தம்பி. கட்டம்போட்ட சட்டை. படத்தைச் சுற்றி நான் மடித்த பூக்கள். முன்னால் ஒரு திரி எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி.

"ஆர் வைச்சது?" என்று கத்தினேன். தமிழில் கத்தியதால் சுற்றி நின்றவர்களுக்கு விளங்கவில்லை. ஆனாலும் விலகி நின்றார்கள்.

மகள் ஓடிவந்தாள். முகமூடி நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது, அதற்குக் கீழே அவள் முகம் வியர்த்துப்போய் இருந்தது.

"என்னடி இது? எடு அந்தப் படத்தை!"

அவள் எடுக்கவில்லை. டேனிஷில்தான் பதில் சொன்னாள். கோபமென்றாலும் அழுகையென்றாலும் அவளுக்கு அதுதான் வரும். "பூப் போட்டால்தான் வழி தெரியும் என்று சொன்னார்களே அம்மா. மாமா டென்மார்க்குக்கு ஒருநாளும் வரவில்லையே. எங்கள் வீடு அவருக்குத் தெரியாதே."

நான் கையை ஓங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். அடிக்கவில்லை. அந்தக் கையாலேயே பூக்களை ஒதுக்கிப் படத்தை எடுத்தேன். சட்டம் திரியின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

மெக்சிக்கோக்காரி வந்து நின்றாள். என்ன நடந்தது என்று மகளிடம் கேட்கவில்லை. என் கையிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, என்னிடமே கேட்டாள்.

"இவர் எங்கே?"

"தெரியாது" என்றேன்.

அவள் குனிந்து அந்த இடத்துத் திரியை விரல்களால் நசித்து அணைத்தாள். தேத்தண்ணிக் கோப்பையையும் எடுத்தாள். "எங்கள் ஊரிலும் இப்படி இருக்கிறார்கள்" என்றாள். "அவர்களின் தாய்மார் மேசையில் படம் வைப்பதில்லை. கையிலேயே வைத்திருப்பார்கள்."

இரண்டாம் பாதி முழுக்கத் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மேடையில் என்ன ஆடினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மகள் குழுவோடு நின்றுவிட்டாள். காரில் நானும் மனிசனும்தான்.

"படத்தை நான்தான் எடுத்துக் குடுத்தனான்" என்றார். "பிள்ளை கேட்டது. எனக்கு மாட்டன் எண்டு சொல்ல வரேல்ல."

"உங்களுக்குத் தெரியுந்தானே. அம்மாவுக்கு நான் என்ன சொன்னனான் எண்டு தெரியுந்தானே."

"தெரியும்." வேகத்தைக் குறைத்தார். "இஞ்சரும். தம்பியைப் பற்றி உமக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். நீர் சொல்லாமல் இருக்கிறபடியால் நாங்களும் சொல்லாமல் இருக்கிறம்."

அவரை ஏச வாயெடுத்தேன். கண்ணீர்தான் வந்தது. ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று அந்த வாசலில் நடந்திருந்தது. அந்த மேசையில் தம்பியைக் கண்டதும் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபம் வருவதற்கு முன்னால், கண் சிமிட்டுகிற நேரத்துக்கு, அப்பாடா என்று இருந்தது. சுற்றிவரப் பூ, திரி வெளிச்சம், குடிக்கத் தேத்தண்ணி. எங்கெங்கோ அலைந்த பிள்ளை கடைசியில் வந்து சேர்ந்துவிட்டான் என்று நெஞ்சு ஆறிப்போனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் அப்படிக் கத்தினேன்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பழைய இடத்தில், தட்டில் வைத்தேன். சட்டத்தின் பின்பக்கம் கடதாசி இதழ் ஒன்று சிக்கியிருந்தது. பிடுங்கி எடுத்தேன். குப்பைக்குள் போட மனம் வரவில்லை. சுவரில் அம்மாவின் படத்துச் சட்டத்துக்குள் செருகினேன்.

அடுத்த கிழமை ஞாயிறு தமிழ்ப் பூசை. கார்த்திகை ஆனபடியால் இறந்தவர்களின் பெயர்கள் நிறைய இருந்தன. பூசை தொடங்கமுதல் வாசலில் சுவாமியார் என்னைக் கண்டு சிரித்தார்.

"அக்கா, வழமைபோலத்தானே? தம்பியின்ர நலத்துக்காக?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மகள் பக்கத்தில் நின்றாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எங்களுக்குள் சரியாகப் பேச்சு இல்லை. மற்றப்படி, ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று, சொல்லலாமா என்று பார்த்தேன். நாக்கு அதற்கும் எழும்பவில்லை.

"இந்த முறை பேரை மட்டும் வாசியுங்கோ சுவாமி" என்றேன். "என்னத்துக்கெண்டு சொல்ல வேண்டாம்."

அவர் ஏதோ கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

நலத்துக்கான பெயர்களை வாசித்து முடித்தார். பிறகு தம்பியின் முழுப் பெயரையும், அப்பாவின் பெயரோடு சேர்த்து, நிதானமாக வாசித்தார். பழக்கத்தில் அடுத்த சொல்லுக்கு அவர் வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். முன் வாங்கில் ஒரு கழுத்தும் திரும்பவில்லை. மகள் என் கையைத் தேடிப் பிடித்தாள்.

பிறகு சுவாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்.