அத்தை கொண்டுவந்த பவுடர்

அப்பா நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். கிட்னி பலவீனமாக இருக்கிறது, தன்னைக் கேட்காமல் எந்த சப்ளிமெண்டும் கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

இன்று பொந்தியானிலிருந்து அத்தை பார்க்க வந்தார். நோயாளியைப் பார்க்க வரும் மற்றவர்கள் குடிப்பதற்கு மைலோ டின் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது, தான் ஏஜெண்டாக இருந்து விற்கும் மூலிகைப் பவுடர் டப்பா.

“அண்ணே, ஆஸ்பத்திரி மருந்தெல்லாம் கெமிக்கல் லா. நிறுத்திட்டு இத குடிங்க. ஒரே மாசத்துல எந்திரிச்சு ஓடுவீங்க.”

அப்பா தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டாக்டர் கூடாதுன்னு சொல்லிட்டாரு அத்தை.”

“டாக்டருக்கு என்னம்மா தெரியும்? இது இயற்கை!”

பல்லைக் கடித்துக்கொண்டு அத்தைக்குச் சாப்பாடு போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் கேட்டார். கைப்பையைத் திறந்து சுகர் மாத்திரையை எடுத்து விழுங்கினார். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரை!

“நீங்க பவுடர் குடிக்கலையா அத்தை?”

“அலமாக், மாத்திரைய நிறுத்துனா டாக்டர் ஏசுவாரும்மா!”

டப்பாவை அவர் பையிலேயே திணித்து அனுப்பிவிட்டேன். எனக்கு மரியாதை தெரியவில்லையாம். குடும்ப வாட்சப் குரூப்பே கொதிக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வரும் ஏஜெண்டின் கைப்பையில் என்ன மாத்திரை இருக்கிறது? பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள்.